முதல் பிறந்தநாளுக்கு ஒரு லட்சம்: மண்டபமா, ஸ்ட்ரோலரா, கொலுசா, செல்வமகளா?

சேலத்தில் இரண்டு சம்பளம் வரும் வீடுகளில் முதல் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்குவது இப்போது யாரையும் வாய் பிளக்க வைப்பதில்லை. பிள்ளை ஒன்று, தாத்தா பாட்டி நான்கு பேர், கையில் காசு இருக்கிறது, செலவழிக்க ஆசையும் இருக்கிறது. ஆசைப்படுவதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அந்த லட்சத்தை எதில் போடுவது என்பதில்தான் வீடு இரண்டுபடுகிறது.

என் தம்பி வீட்டில் நான்குபட்டே விட்டது. அடுத்த மாதம் அவன் மகளுக்கு ஒரு வயது நிறைகிறது. வெளிநாட்டுக் கம்பெனியின் ஸ்ட்ரோலரும் (குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி) கார் சீட்டும் சேர்ந்த செட் வேண்டும் என்கிறான் தம்பி. மண்டபம் பிடித்து, பலூன் வளைவு கட்டி, ஊரைக் கூப்பிட வேண்டும் என்கிறாள் அவன் மனைவி. தாய்மாமன் வெள்ளியில் நிற்கிறார். என் அம்மா தபால் ஆபீஸின் செல்வமகள் சேமிப்பைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை. குழந்தைக்கு அத்தை என்ற முறையில் தீர்ப்பு சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நாங்கள் செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்த குடும்பம். கொலுசுக் கணக்கு எழுதும் நோட்டில் எடைக்குப் பக்கத்தில் சேதாரம், கூலி என்று இரண்டு பத்திகள் இருக்கும். ஒரு பொருளைச் செய்யும்போது எவ்வளவு வீணாகிறது, செய்தவனுக்கு எவ்வளவு போகிறது என்பது அதில் தெரிந்துவிடும். குழந்தைக்காக வாங்கும் ஒவ்வொன்றையும் இதே மாதிரி இரண்டு பத்திகளில் எழுதிப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். வாங்கிய மறுநாள் விற்றால் எவ்வளவு தேறும்? குழந்தைக்கு எத்தனை மாதம் உதவும்? இந்தக் கணக்கு ஒரே ஓர் இடத்தில் தவறான பதில் சொல்லும். அந்த இடத்துக்கு வரும்போது சொல்கிறேன்.

முதலில் மண்டபம். 150 பேர், இலை ஒன்றுக்கு 300 ரூபாய் என்று வைத்தால் சாப்பாடு மட்டும் 45,000. வாடகை, அலங்காரம், மூன்றடுக்குக் கேக், புகைப்படம், வீடியோ, வருகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் அன்பளிப்புப் பை என்று போட்டால் லட்சம் தாண்டியே நிற்கும். நாயகியின் நிலைமை என்ன என்று அப்படி ஒரு விழாவில் கவனித்துப் பாருங்கள். இரவு எட்டு மணி, அவள் தூங்கும் நேரம். கழுத்தில் குத்தும் சரிகை, தலையில் இறுக்கிய பூப்பட்டை. ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்ததும் உதடு பிதுங்குகிறது. புகைப்படக்காரர் கிலுகிலுப்பையை ஆட்டி, "கண்ணு, இங்கே பார், இங்கே பார்" என்கிறார். அவள் பார்ப்பது கேக்கின் மேல் எரியும் பொறிவாணத்தை. பார்த்ததும் வீறிட்டு அழுகிறாள். பாட்டி தூக்கிக்கொண்டு கைகழுவும் இடத்துக்கு ஓடுகிறார். மீதி விழா அவள் இல்லாமலே நடக்கிறது.

"மொய் வருமே, பாதிக்குமேல் திரும்பிவிடும்" என்பார்கள். மொய் வரவு இல்லை, கடன். நோட்டில் எழுதி வைத்து, அவரவர் வீட்டு விசேஷத்துக்கு ஒரு நூறாவது கூட்டிப் போட்டுத் திருப்பியாக வேண்டும். ஆகவே மண்டபத்தின் சேதாரத்தில் மொய்யைக் கழிக்கக் கூடாது.

இருந்தாலும் உறவினருக்குச் சாப்பாடு போடுவதையே வீண் என்று நான் தள்ளவில்லை. கொள்ளுப்பாட்டி குழந்தையைப் பார்க்க வருவதற்கு அது ஒரு சாக்கு. இதே கூட்டத்தைக் காது குத்துக்கும் மொட்டைக்கும் மறுபடியும் கூப்பிடப் போகிறோம் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. காது குத்தை ஒற்றைப்படை வயதில் வைப்பது வழக்கம். ஒரு வயது ஒற்றைப்படைதான். குலதெய்வக் கோவிலில் காலையில் மொட்டை, காது குத்து, பிறந்தநாள் மூன்றையும் சேர்த்து முடித்து, பகல் சாப்பாட்டோடு அனுப்பிவிட்டால் இரண்டு செலவு ஒன்றாகும். குழந்தையும் விழித்திருக்கும் நேரம். மொட்டைத் தலையோடு எடுக்கும் படம் இன்ஸ்டாகிராமில் எடுபடாது என்று தம்பி மனைவி முகம் சுளித்தாள். நியாயமான கவலைதான், முந்தைய நாள் முடியோடு நாலு படம் எடுத்துக்கொள்ளட்டும்.

ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் நெருங்கிய சொந்தத்தோடு கொண்டாடுவது இப்போது இன்னொரு மோஸ்தர். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். பால் குடித்த குழந்தை ஏழாவது வளைவில் கக்குவதற்கும் தயாராகப் போக வேண்டும். மே மாதக் கோடை விழாவை ஒட்டி அறை வாடகை ஏறும். பெற்றோருக்கு ஓய்வு வேண்டும் என்றால் தாராளமாகப் போகலாம். அதைப் பெற்றோர் செலவு என்று எழுதுங்கள், குழந்தையின் லட்சத்தில் கை வைக்காதீர்கள்.

இனி தம்பியின் கட்சி. ஸ்ட்ரோலரையும் கார் சீட்டையும் ஒரே செட்டாகக் கட்டி விற்பதால் நம் மனமும் அவற்றை ஒரே பொருளாகப் பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு ஜாதி. பிரித்துப் பார்த்தால் தீர்ப்பு நேர் எதிராக வரும்.

ஸ்ட்ரோலர் பிறந்த ஊர்களுக்கு நடைபாதை உண்டு. பிரிட்டனில் சில்வர் கிராஸ் கம்பெனி 1877-இல் தொடங்கிச் செய்துவந்த பெரிய சக்கர வண்டிகள், பூங்கா ஓரமாகச் செவிலித்தாய்கள் தள்ளிக்கொண்டு போவதற்கு ஏற்றவை. விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பில் வேலை பார்த்த ஓவன் மெக்லாரன் என்ற பொறியாளர் 1965-இல் குடைபோல மடங்கும் எடை குறைந்த வண்டியை வடிவமைத்தார். பயணம் போகிறவர் ஒரு கையில் மடித்துத் தூக்கலாம் என்பதே அதன் பெருமை. பிறகு குழந்தை வண்டி தோல் கைப்பிடி, பிராண்டு பெயர் எல்லாம் ஏறி, கைப்பை மாதிரி அந்தஸ்துப் பொருளாக மாறியது. இன்று வெளிநாட்டு உயர்ரகம் ஐம்பதாயிரத்தில் தொடங்கி லட்சத்துக்கு மேலும் போகிறது. நம் ஊர்க் கம்பெனிகளின் குடை மடிப்பு வண்டி ஐந்தாயிரம், பத்தாயிரத்துக்குள் கிடைக்கிறது.

கடையின் வழவழப்பான தரையில் ஒரு விரலால் தள்ளினால் ஓடும். அதை முதல் அக்ரஹாரத்துக்கோ செவ்வாய்பேட்டைக் கடைவீதிக்கோ கொண்டுவாருங்கள். கடை வாசலில் வரிசையாக நிற்கும் இரு சக்கர வாகனங்களைச் சுற்ற, வண்டியோடு நடுச்சாலைக்கு இறங்க வேண்டும். சாக்கடை மூடிய சிமெண்ட் பலகைகளுக்கு இடையில் முன் சக்கரம் சிக்கும். பஸ்ஸின் புகைக்குழாய்க்கு நேர் உயரத்தில் குழந்தையின் மூக்கு. ஐந்து நிமிடத்தில் குழந்தை அப்பாவின் தோளில், வண்டியில் காய்கறிப் பை. பன்னிரண்டு கிலோ எடையுள்ள வெளிநாட்டு வண்டியை மூன்றாம் மாடிக்கு ஏற்றும் பாடு தனி.

அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்சாலை, விமான நிலையம், ரயில் நிலையம், ஏற்காடு ஏரிக்கரை என்று உதவும் இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அந்த இடங்களுக்கெல்லாம் எட்டாயிரம் ரூபாய் வண்டி போதும். சொல்லப்போனால் எடை குறைவாக இருப்பதால் அதுவே மேல். அதுவும் நடக்கத் தொடங்கிய குழந்தை எத்தனை நாள் உட்காரும்? அக்கா, சித்தி வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கும், கேட்டு வாங்குங்கள். பிரேக் பிடிக்கிறதா, மடிப்புப் பூட்டு சரியாக விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் சீட் விஷயத்தில் என் பட்டறைக் கணக்கு தோற்றுவிடும். அதை மறுநாள் விற்றால் பாதி விலை தேறாது. பழையதை நானே வாங்காதே என்பேன். ஒரு முறை விபத்தில் அடிபட்ட சீட்டின் உள்ளே விரிசல் இருந்தாலும் வெளியே தெரியாது. பிளாஸ்டிக்குக்கும் ஆயுள் உண்டு, உற்பத்தி தேதி அடியில் அச்சிட்டிருக்கும். ஆகச் சேதாரம் ஏறக்குறைய முழுவதும். ஆனாலும் இந்தப் பட்டியலில் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

நம் கார்களில் குழந்தை இருக்குமிடம் முன் சீட்டில் அம்மாவின் மடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், 9 கிலோ குழந்தை முன்னே பாயும் விசையைத் தடுக்க ஏறக்குறைய 100 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையிலும் அது இல்லை. முன்னால் காற்றுப்பை விரிந்தால் அடி இன்னும் பலமாகும். தர்மபுரி பக்கம் போக வேண்டும் என்றால் தொப்பூர் கணவாயைக் கடக்கிறவர்கள் நாம். லாரிகள் பிரேக் பிடிக்காமல் இறங்கிய செய்தியைப் படிக்காத சேலத்துக்காரர் இருக்க மாட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு.

செட்டாக வாங்குவதில் இன்னொரு வீணும் இருக்கிறது, கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார். ஸ்ட்ரோலரின் மேல் பொருத்தும் வகைக் கார் சீட் பெரும்பாலும் பிறந்த குழந்தைக்கானது. 13 கிலோ அல்லது ஏறக்குறைய ஒன்றேகால் வயது அளவோடு அதன் காலம் முடியும். முதல் பிறந்தநாளில் அதை வாங்கினால் சில மாதத்துக்குத்தான். தனியாக, 18 கிலோ வரையோ அதற்கு மேலோ தாங்கும் வகையை வாங்குங்கள். ஐரோப்பிய ஆர்129 அல்லது ஆர்44 தர முத்திரையோ இந்திய ஏஐஎஸ்-072 தரமோ அதில் இருக்க வேண்டும். ஆர்129 விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கி உட்கார வேண்டும். பொருத்துவது பின்சீட்டில் இருக்கட்டும். உங்கள் காரில் குழந்தை சீட்டை நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று பின்சீட்டின் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். இல்லை என்றால் சீட் பெல்ட்டால் கட்டும் வகை வேண்டும். நல்ல இந்தியக் கம்பெனி சீட்டும் இதே சோதனையில் தேறியதுதான். மேலுறைத் துணிக்கும் பெயருக்கும் கூடுதல் பணம் கொடுக்க அவசியம் இல்லை.

கார் இல்லாதவர்களுக்கும் ஒன்று. இரு சக்கர வாகனத்தில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பட்டையும், குழந்தைக்கு ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரியிலிருந்து விதி. பெட்ரோல் டேங்க் மேல் குழந்தையை உட்கார வைத்துக் கொண்டுபோவதைத் தினம் பார்க்கிறேன். மண்டபத்துக்கு லட்சம் கொடுக்கத் தயாராக இருக்கும் வீட்டிலும் அந்தப் பட்டை இருப்பதில்லை.

தாய்மாமனின் வெள்ளிக்கு வருகிறேன். இது என் சொந்தத் தொழில் என்பதால் பாசம் அதிகம், கண்டிப்பும் அதிகம். சேலம் கொலுசுக்கு நாடெங்கும் வாங்குவோர் உண்டு. செவ்வாய்பேட்டையில் தொடங்கிச் சுற்றுப்புறக் கிராமங்கள் வரை வீட்டுக்கு வீடு கம்பி இழுப்பு, பற்றவைப்பு, மெருகு என்று வேலை நடக்கிறது. ஆனால் கொலுசு முழு வெள்ளி இல்லை. 'டச்' என்று கேட்டால்தான் எத்தனை பங்கு வெள்ளி என்று தெரியும். 70 டச் என்றால் நூறில் எழுபது. 30 கிராம் கொலுசு வாங்குகிறீர்கள், முழு எடைக்கும் சுத்த வெள்ளி விலையில் பில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது 21 கிராமுக்குத்தான் பணம். அங்கேயே முப்பது சதவீதம் போயிற்று, கூலி தனி. வெள்ளிக்கும் ஹால்மார்க் உண்டு; 2025 செப்டம்பரிலிருந்து அதற்கு ஆறு இலக்க அடையாள எண்ணும் வந்திருக்கிறது, கட்டாயம் இல்லை. முத்திரை பெறும் குறைந்தபட்சத் தரமே 800, அதாவது 80 டச். ஆகவே 65, 70 டச் கொலுசுக்கு முத்திரை தேடிப் பயன் இல்லை. டச் எவ்வளவு, திரும்ப எடுக்கும்போது எந்தக் கணக்கு என்பதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

இவ்வளவும் கழித்த பிறகும் பிராண்டட் உடை, இறக்குமதி வண்டி எல்லாவற்றையும்விட வெள்ளியில் தேறுவது அதிகம். கால் வளர வளரப் பழையதைப் போட்டுப் புதியது எடுக்கலாம். முதலீடு என்று மட்டும் சொல்லாதீர்கள். 2025-இல் வெள்ளி ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதைக் காட்டி மாமா வாதாடினார். 2011 ஏப்ரலில் கிலோ 70,000 ரூபாயைத் தாண்டிய வெள்ளி 2015 முடிவில் அதில் பாதியளவில் கிடந்ததையும் எங்கள் பட்டறை பார்த்திருக்கிறது.

ஒரு வயதுக் குழந்தைக்குக் கொலுசு எடுக்கும்போது அழகைவிட முத்தைப் பாருங்கள். இந்த வயதில் காலைத் தூக்கி வாயில் வைக்கும். ஒரு சலங்கை முத்தை நகத்தால் நெம்பி, அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் அது அடுத்த வாரம் தொண்டையில். திருகாணி வகையில் மரை தேய்ந்திருக்கக் கூடாது, கொக்கி வகையில் முனை உள்பக்கம் மடிந்திருக்க வேண்டும். காலில் போட்டு ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டால் போதும். முத்து குறைந்த, பட்டையான சங்கிலிக் கொலுசுதான் என் தேர்வு. சத்தம் குறைவாக இருக்கும் என்று பாட்டிகள் குறைப்படுவார்கள். தூங்கும் குழந்தைக்கு அதுவும் நல்லதே.

துணிக்கு ஒரு பத்தி போதும். பாரிஸ் ஃபேஷன் கம்பெனி டியோர் 1967-லேயே குழந்தைகளுக்கென்று தனிக்கடை திறந்தது.  குழந்தை முதல் ஆண்டில் 25 சென்டிமீட்டர், இரண்டாம் ஆண்டில் 12 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்கிறது; எந்தச் சட்டையும் நான்கைந்து மாதம் தாண்டாது. நம் தையல்காரர்கள் பட்டுப்பாவாடையில் இரண்டு மடிப்பு பிடித்துத் தைத்து, வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடச் சொல்வார்கள். உயர்தரம் என்று நான் சொல்வது அதைத்தான். உள்ளே பருத்தி லைனிங் கொடுத்துச் சேலம் பட்டில் ஒன்று தைத்தால் தீபாவளி, பொங்கல், அடுத்த பிறந்தநாள் வரை ஓடும். நடைவண்டி என்ற பெயரில் சக்கரம் வைத்த வாக்கரை யாராவது பரிசாகத் தந்தால் நன்றி சொல்லி வாங்கிப் பரணில் போடுங்கள். படியில் உருண்டு விழும் அபாயத்துக்காகக் கனடா 2004-இல் அதைத் தடையே செய்துவிட்டது.

கடைசியாக அம்மாவின் தபால் ஆபீஸ். பெண் குழந்தை என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டம். பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். பதினைந்து ஆண்டு கட்டி, இருபத்தோரு ஆண்டு முடிந்ததும் முதிர்வு. 2024 ஜனவரியில் 8.2 சதவீதம் என்று அறிவித்த வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனைக்கு உட்பட்டது. அதே வட்டி நீடித்தால் இன்று போடும் ஒரு லட்சம் 21 ஆண்டில் சுமார் 5.23 லட்சமாகும், வரி இல்லை. கேட்க இனிமைதான். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், அந்த 5.23 லட்சத்தில் வாங்கக்கூடியது இன்றைய 1.88 லட்சத்துக்கான பொருள்தான். அம்மா நினைப்பதுபோல் கல்யாணமே முடிந்துவிடாது, ஒரு ஆண்டு கல்லூரிக் கட்டணத்துக்குக் கை கொடுக்கலாம். இருந்தும் நான்கு வழிகளில் சேதாரம் இல்லாதது இது ஒன்றே. கல்லூரிக்கு வேண்டும் என்றால் பதினெட்டு வயதில் பாதிவரை எடுக்கலாம் என்பதால் பூட்டும் அவ்வளவு கெட்டி இல்லை. ஆண் குழந்தை வீட்டுக்குப் பொன்மகன் பொது வைப்பு நிதி. 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம், பதினைந்து ஆண்டு.

தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த பங்கீடு இது. கார் சீட் 18,000. குலதெய்வக் கோவிலில் அறுபது பேருக்குப் பகல் சாப்பாடு, இலைக்கு 300 வீதம் 18,000. கொலுசுக்கு 12,000 வரை. பாவாடை சட்டைக்கு 2,000. மீதி 50,000 செல்வமகளில், இந்த ஆண்டே. ஸ்ட்ரோலருக்குச் சித்தி வீட்டுப் பரண்.

கார் சீட் சீர்த் தட்டில் வைக்கும் பொருளா என்று தாய்மாமன் தயங்கினார். வைக்கலாம் என்றேன், தேங்காய், பழம், பூவோடு அதையும் வைத்து, உள்ளே கொலுசுப் பெட்டியை வைத்தால் சீர் குறைந்ததாக யாரும் சொல்ல முடியாது. அவருக்கு அது பிடித்துப்போய், கொலுசின் டச்சை 80-க்கு ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மண்டபத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்ட வீடுகளும் இருக்கும். அப்படியென்றால் முன்பணத்தைத் தொடர்ந்து மீதியையும் அங்கேயே கொட்ட வேண்டாம். மாலையைக் காலையாக மாற்ற முடியுமா என்று மேலாளரிடம் கேளுங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அன்பளிப்புப் பையையும் மூன்றடுக்குக் கேக்கையும் வெட்டுங்கள். அவை இரண்டில் மிஞ்சுவதே பல வீடுகளில் கார் சீட்டின் பாதி விலை வரும்.